மாசானமுத்துவின் கோழித்தூக்கம்

திருநெல்வேலியிலிருந்து வெளியூர்ப் பேருந்து ஓட்டிய காலம் முழுக்க மாசானமுத்து ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சத்தியம் செய்வார்கள். அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் காலையில் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மகளிடம்கூடச் சொல்லாமல் காவல் நிலையத்துக்குப் போனார். ஒரு புகார் கொடுக்க வேண்டும் என்றார். யார் மேல் என்று கேட்டார் ஏட்டு.

"என் மேலதான்," என்றார் மாசானமுத்து. "ஒரு பச்சப்பிள்ளய வண்டிய விட்டு ஏத்திட்டேன். அப்படியே போட்டுட்டு வந்துட்டேன் போல. இத்தன நாளா எனக்கே தெரியாது. இப்பத்தான் ஞாபகம் வருது."

குடித்திருக்கிறாரோ என்று ஏட்டு முதலில் மோந்து பார்த்தார். அப்புறம்தான் மாசானமுத்துவின் வலது காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒட்டியிருந்த கருவி அவர் கண்ணில் பட்டது. உடனே நிமிர்ந்து உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

அந்தக் கருவிக்கு அரசாங்கம் வைத்த பெயர் துணைநினைவு. ஜனங்கள் வைத்த பெயர் கொசுறு. மூளை கொடுப்பது போதாதவர்களுக்கு மேற்கொண்டு கொஞ்சம் போட்டுக் கொடுக்கிறதே, அதனால் கொசுறு. உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒட்டிக்கொண்டால், உள்ளே இருக்கும் நினைவுகளை அது ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்து, பாளையங்கோட்டையில் இருக்கும் ஒரு பெரிய இயந்திரத்தில் கோப்புகளாகச் சேர்த்துவைக்கும். பிற்பாடு பக்கவாதமோ மறதி நோயோ வந்து மூளை கைவிட்டால், வேண்டிய நேரத்தில் வேண்டிய நினைவை அங்கிருந்து எடுத்துத் தரும். மாசானமுத்துவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு மகள் பெயரைக்கூடக் கொசுறுதான் சொல்லிக் கொடுத்தது. அதில் வருகிற நினைவு கண்கண்ட சாட்சிக்குச் சமம் என்று சட்டமும் வந்தாயிற்று. மனிதன் பொய் சொல்வான், கொசுறு சொல்லாது என்பதுதான் எல்லோருடைய நம்பிக்கையும்.

போலீஸார் பழைய வழக்குகளைத் துழாவினார்கள். சங்கரன்கோவில் ரோட்டில் ஒரு சிறுமி வண்டி மோதி இறந்துபோய், மோதியது யாரென்று தெரியாமலேயே கிடப்பில் போட்ட வழக்கு ஒன்று அகப்பட்டது. இருட்டு பொருந்தியது. ரோட்டோரப் பனைமரங்கள் பொருந்தின. மாசானமுத்துவும் எதையும் மறுக்கவில்லை. நினைவு வழக்குகளுக்கென்று இருந்த நடுவர் மன்றத்துக்குக் காகிதம் போயிற்று. நோயாளி என்பதால் அவரை ஆஸ்பத்திரியின் காவல் வார்டில் வைத்தார்கள்.

அந்த இயந்திரத்தைப் பராமரிக்கும் நிறுவனத்தில் பேச்சியம்மாள் கெர்னல் பிரிவில் இருந்தாள். இயந்திரத்துக்குள் நடக்கும் அத்தனை வேலைகளுக்கும் அடியில் உட்கார்ந்து, யாருக்கு எந்தக் கோப்பை எப்போது கொடுப்பது என்று பங்கு வைக்கும் நிரலுக்குத்தான் கெர்னல் என்று பெயர். கூட்டுக் குடும்பத்து மாமியார் மாதிரி அது. எல்லோருக்கும் அதன்மேல் குறை உண்டு, அது படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. பேச்சி என்று பெயரை வைத்துக்கொண்டு வாயைத் திறக்கவே கூலி கேட்பாள் என்று அலுவலகத்தில் அவளைக் கேலி செய்வார்கள். அவள் அதற்கும் பதில் சொல்ல மாட்டாள்.

மாசானமுத்துவின் மகள் முப்பிடாதி நிறுவனத்தின் வரவேற்பறையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். யாரும் கண்டுகொள்ளவில்லை. சாப்பிடப் போன பேச்சிதான் நின்று என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"எங்கப்பா அப்படிச் செய்யலக்கா," என்றாள் முப்பிடாதி. "எல்லா மகளும் இதத்தான் சொல்லுவான்னு நினைக்காதீய. நான் ஒண்ணு கேக்கேன். பஸ்ஸுல டிரைவர் பக்கத்துக் கதவப் பாத்திருக்கீயளா? ஆளு உசரத்துக்கு இருக்கும். பிடிச்சுத் தொங்கித்தான் கீழ எறங்கணும்."

"ஆமா."

"இந்த ஞாபகத்துல எப்படிப்பா எறங்குனீயன்னு கேட்டேன். கதவத் திறந்தேன், கால வச்சேன், உடனே ரோடுங்காவ. அது பஸ்ஸு இல்லக்கா. தாழ்வான வண்டி. எங்கப்பாவுக்கு பஸ்ஸ விட்டா சைக்கிள்தான் ஓட்டத் தெரியும்."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"அன்னைக்கு வேற வண்டி ஓட்டியிருப்பாருன்னு முடிச்சிட்டாவ. கொசுறுல இருக்கே, அதுக்கு மேல என்னங்காவ."

பேச்சி அன்று சாப்பிடப் போகவில்லை. நேராக மேலாளர் துரைசிங்கின் அறைக்குப் போனாள். அந்த நினைவு இயந்திரத்தில் மாசானமுத்துவுக்கென்று ஒதுக்கிய பெட்டியில்தான் இருக்கிறது, அவருடைய முத்திரையோடு இருக்கிறது, அப்புறம் வேறு யாருடையதாக இருக்க முடியும் என்றார் அவர்.

"அடுத்தவங்களோடது தவறி வந்திருந்தா?" என்றாள் பேச்சி. "ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல கோப்பு எடுத்துக் கொடுக்கும்போது கெர்னலுக்குள்ள ரேஸ் இருந்தா?"

அவர்கள் தொழிலில் ரேஸ் என்றால் இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்தப் பார்ப்பது. எது முந்தினாலும் விடை ஒன்றாக இருக்க வேண்டும். முந்துவதைப் பொறுத்து விடை மாறினால் அது பிழை. பிடிக்கவே முடியாத பிழை, ஏனென்றால் தேடிப் போகும்போது இரண்டும் நல்ல பிள்ளையாக வரிசையில் நிற்கும்.

துரைசிங் கெட்டவர் இல்லை. அவருடைய அம்மாவும் கொசுறு போட்டவர்தான். "பேச்சி, கோடிக்கணக்கான தடவை சோதிச்சாச்சு. ஒரு தடவைகூட மாறல. சரி, இருக்குன்னே வச்சுக்கிடுவோம். என்ன செய்வ? பூட்டுப் போடுவியா? ஒவ்வொரு நினைவுக்கும் பூட்டைத் திறந்து, எடுத்து, மூடினா வார்த்தைக்கு வார்த்தை தாமசமாகும். பேரன் வந்து முன்னாடி நிப்பான், எங்க அம்மா அவன் பேரைத் தேடிட்டு முழிச்சுக்கிட்டு நிப்பாங்க. இப்படி எத்தனை ஆயிரம் பேரு. ஒரு ஆளுக்காகவா?"

"அந்த நினைவோட மூலம் வேற யார் பெட்டியிலயாவது இருக்கான்னு தேடிப் பாக்கலாமா சார்?"

"அடுத்தவங்க பெட்டியைத் தொட மன்றத்தோட உத்தரவு வேணும். பிழை இருக்குன்னு காட்டினாத்தான் உத்தரவு கொடுப்பாங்க. காட்டு, பாப்போம்."

மறுநாள் பேச்சி காவல் வார்டுக்குப் போனாள். மாசானமுத்து கட்டிலில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த நடுக்கம் பக்கவாதத்தால் வந்ததில்லை, இந்த நினைவு வந்த பிறகு வந்தது என்று முப்பிடாதி சொல்லியிருந்தாள்.

"எதுக்குத் தாயி மெனக்கெடுதீய," என்றார் அவர். "செஞ்சவன் நான். அந்தப் பிள்ளயப் பெத்தவ ஒருத்தி இருப்பாள்லா. அவ வந்து என் மூஞ்சில காறித் துப்பட்டும்."

"அந்த ஞாபகத்த ஒரு தடவை சொல்லுங்க அண்ணாச்சி. எதையும் விடாம."

"ஸ்டியரிங்ல கை இருக்கு. லைட்டு வெளிச்சத்துல பிள்ள கிடக்கு. எறங்குதேன். ஒரு கால்ல செருப்பு இருக்கு, இன்னொரு கால்ல இல்ல. தொடுதேன், கையெல்லாம் ரத்தம்."

"பெறவு?"

"பெறவு ஒண்ணுமில்ல. அத்தோட அறுந்துபோவுது. அறுந்துபோனதுனாலதான் சொல்லுதேன், நான் ஓடி..."

ஓடி என்பதோடு பேச்சு நின்றது. மாசானமுத்துவின் தலை லேசாகச் சாய்ந்தது. காதுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு அணைந்தது. பேச்சி பதறிப்போய் எழுந்து நர்ஸைக் கூப்பிட வாயெடுப்பதற்குள் விளக்கு மறுபடி எரிந்தது.

"...வந்திருக்கேன்னு அர்த்தம்," என்று முடித்தார் மாசானமுத்து.

வாசலில் இருந்த காவலர் சிரித்தார். "பயந்துட்டீங்களா? பகல் பூரா இப்படித்தான். கொஞ்சம் முன்னாடி இட்லிய வாய்க்குக் கொண்டு போற வழியிலயே ஒரு தூக்கம் போட்டாரு."

"கோழித்தூக்கம் தாயி," என்றார் மாசானமுத்து வெட்கத்தோடு. "லாங் டிரிப் போற டிரைவருக்கு வேற ஏது தூக்கம்? டிப்போவுல வண்டி நின்னா ஒண்ணு, ரயில்வே கேட்டு போட்டிருந்தா ஒண்ணு, டீ ஆறுறதுக்குள்ள ஒண்ணு. வேலைய விட்டு வந்தாலும் உடம்பு மறக்க மாட்டேங்கு."

பேச்சிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கொசுறு போட்டவர் தூங்கினால் அவருடைய கோப்புகளை மூடிவிட வேண்டும், விழித்தால் திறக்க வேண்டும் என்பது இயந்திரத்துக்கு இட்ட விதி. அதை எழுதியவர்களும் சோதித்தவர்களும் அலுவலக ஆட்கள். அவர்கள் ராத்திரி படுத்தால் காலையில் எழுந்திருப்பார்கள். அவர்கள் செய்த சோதனைகளில் எல்லா மனிதர்களும் நாளுக்கு ஒரு தடவைதான் தூங்கினார்கள். கோப்பை மூடிய கை எடுப்பதற்குள் விழித்து, திறந்த கை எடுப்பதற்குள் தூங்குகிற ஒரு மனிதர் இருப்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை. குளுகுளு அறையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு எப்படித் தோன்றும்?

"அண்ணாச்சி, நீங்க நல்லாத் தூங்குங்க. தோணும்போதெல்லாம் தூங்குங்க," என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள்.

அலுவலகத்தில் அவள் செய்த முதல் வேலை, பொய்யாகச் சில நோயாளிகளை உருவாக்கி அவர்களைக் கோழித்தூக்கம் தூங்க வைத்ததுதான். பக்கத்து மேசைக்காரர் வாங்கிவந்த வடையை அவள் தின்று முடிப்பதற்குள் திரையில் சிவப்பு வரி ஒன்று வந்தது. ஒருவருடைய நினைவு இன்னொருவர் பெட்டியில் போய் விழுந்திருந்தது. பேச்சி மேசையைத் தட்டிச் சத்தமாகச் சிரித்தாள். அவள் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. என்ன ஆயிற்று என்று நாலு பேர் எழுந்து வந்துவிட்டார்கள்.

பிழை இருந்த இடம் அற்பமான இடம். திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் கெர்னல் ஒரு எண் கொடுக்கும். நினைவைக் கேட்டால் அந்த எண்ணில் எந்தக் கோப்பு என்று முதலில் பார்க்கும், பிறகு கையில் எடுக்கும். பார்ப்பதற்கும் எடுப்பதற்கும் நடுவில் கண்ணிமைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இடைவெளிக்குள் தூக்கம் வந்து கோப்பு மூடப்பட்டு, அதே எண் இன்னொருவருடைய கோப்புக்குப் போய்விட்டால், கையில் வருவது அடுத்தவருடைய நினைவு. வந்ததை இயந்திரம் இவருடையது என்றே முத்திரை குத்திப் பெட்டியில் வைத்துவிடும். அடுத்த தூக்கம் நடுவில் வந்து பிடுங்கினால் பாதி நினைவுதான் வரும்.

பாதி என்ற இடத்தில் பேச்சிக்கு மாசானமுத்துவின் நினைவு அறுந்து நின்ற இடம் ஞாபகம் வந்தது. மீதி எங்கேயோ, யாருடைய பெட்டியிலோ இருக்கிறது.

பூட்டுப் போடாமல் இதைச் சரிசெய்ய என்ன வழி என்று அன்று முழுக்க அவளுக்கு மண்டையைக் குடைந்தது. பார்த்துவிட்டு எடுக்கிறோம், அதில்தான் ஓட்டை. எடுத்துவிட்டுப் பார்த்தால்? முதலில் கையில் இறுகப் பிடித்துக்கொள்வது. பிடித்த பிறகு, அந்த எண்ணில் இன்னும் இதே கோப்புதான் இருக்கிறதா என்று மறுபடி ஒரு தடவை பார்ப்பது. இருந்தால் சரி. மாறியிருந்தால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. எழுதினால் நாலைந்து வரிதான். சாயங்கால வெயில் ஜன்னலில் விழுந்தபோது எழுதி முடித்திருந்தாள். பொய் நோயாளிகள் தூங்கித் தூங்கி விழித்தார்கள். சிவப்பு வரி வரவே இல்லை.

துரைசிங் தன் கையாலேயே வேகத்தை அளந்து பார்த்தார். பழைய வேகம் அப்படியே இருந்தது. "இத்தனை பேருக்கு நாம என்னென்னத்த மாத்திக் கொடுத்திருக்கோமோ," என்றார். பிறகு, "மன்றத்துக்கு நானும் வாரேன்," என்றார். பேச்சிக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது.

நடுவர் மெஹருன்னிசா கண்டிப்புக்குப் பேர்போனவர். மன்றத்தில் ஒரு பக்கம் மாசானமுத்துவும் முப்பிடாதியும். மறுபக்கம் இறந்துபோன சிறுமியின் தாய் வெள்ளத்தாய், முந்தானையை வாயில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பேச்சி மேசைமேல் இரண்டு கொசுறுகளை வைத்தாள். இரண்டுக்கும் சிறிய ஒலிபெருக்கி மாட்டியிருந்தாள்.

"இதுல ஒண்ணுல குயில் கூவுற ஞாபகம் இருக்கும்மா. இன்னொண்ணுல மிக்ஸி ஓடுற ஞாபகம். ரெண்டும் பழைய நிரல்லதான் ஓடுது. குயிலை மட்டும் அடிக்கடி தூங்கித் தூங்கி முழிக்க வைக்கேன்."

குயில் கூவியது. நின்றது. கூவியது. நின்றது. மன்றத்தில் சிலர் கொட்டாவி விட்டார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய நேரத்தில், குயில் இருந்த கொசுறு கர்ரென்று சட்னி அரைத்தது.

யாரும் சிரிக்கவில்லை. நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது எப்படி? எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க."

பேச்சி திரும்பி மாசானமுத்துவைப் பார்த்தாள். அவரைப் பார்த்ததும் எப்படிச் சொல்வது என்று தெரிந்துவிட்டது.

"ராத்திரி பஸ்ஸுல சென்னைக்குப் போயிருப்பீங்கம்மா. வழியில மோட்டல்ல நிறுத்துவான். நம்ம சீட்டு பதினாலு. எறங்கிப் போயிட்டு, ஒரு டீ குடிச்சிட்டு வாரோம். விட்ட இடத்துலயே பஸ் நிக்கு. அதே கலரு. ஏறிப் பதினாலுல உக்காந்து போர்வைய இழுத்து மூடித் தூங்கிடுதோம். விடிஞ்சு பாத்தா வேற ஊரு. நம்ம பஸ் அப்பவே கிளம்பிட்டு, அந்த இடத்துல இன்னொண்ணு வந்து நின்னுட்டு. சீட்டு நம்பர் சரிதான். பஸ்ஸுதான் வேற."

"கண்டக்டர் தலை எண்ணுவாரே?"

"எண்ணுனாரு. கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. ஒரு ஆளு குறைஞ்ச இடத்துல ஒரு ஆளு ஏறியிருக்காரே. எங்க சோதனை எல்லாம் அப்படித்தான் தேறுச்சு."

"ஏறுறதுக்கு முன்னாடி பஸ் நம்பரைப் பாத்தா போதாதா?"

"மனுஷங்களுக்குப் போதும். இயந்திரத்துக்குள்ள நம்பரப் பாத்துட்டுப் படில கால வைக்கதுக்குள்ள பஸ்ஸு மாறிடும். உக்காந்துட்டா நம்மள விட்டுட்டு அது நகர முடியாது. அதனால முதல்ல உக்காரணும். உக்காந்துட்டு ஜன்னல் வழியா ஒரு தடவ எட்டிப் பாக்கணும். வேற பஸ்ஸுன்னா எறங்கிடணும். இப்ப புது நிரல்ல அதத்தான் செய்ய வச்சிருக்கேன். போடட்டுமா?"

போட்டாள். குயில் கூவியது. துரைசிங் எழுந்து, பிழை தங்கள் நிறுவனத்துடையது என்று ஒப்புக்கொண்டார். குயில் கூவியது. அரசுத் தரப்பு ஏதேதோ ஆட்சேபித்தது. அதற்கு நடுவிலும் கூவியது. எத்தனை தடவை தூங்கி விழித்தாலும் அது குயிலாகவே இருந்தது. கடைசியில் நடுவரே, "போதும், அதை நிப்பாட்டுங்க, காது வலிக்குது," என்றபோதுதான் மன்றம் சிரித்தது.

வெள்ளத்தாய் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள். "அப்போ இவரு இல்லையா?"

நடுவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். அவள் தொடர்ந்தாள். "எனக்கு யாராவது ஒரு ஆளு கிடைச்சா போதும்னு இல்லம்மா. சரியான ஆளு வேணும். இவர உள்ள போட்டுட்டா தேடுதத நிப்பாட்டிருவாவ. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

மாசானமுத்து நடுங்கும் கைகளைக் கூப்பி அவளைக் கும்பிட்டார். அந்த நினைவின் மூலம் வேறு பெட்டியில் இருக்கிறதா என்று தேட நடுவர் உத்தரவிட்டார். சாப்பாட்டு இடைவேளைக்குள் இயந்திரம் கண்டுபிடித்துவிட்டது. மூலம் இருந்தது. மாசானமுத்துவிடம் இருந்ததைப் போல இரண்டு மடங்கு நீளமாக இருந்தது. உரியவரிடம் தொலைபேசியில் சம்மதம் கேட்டு, நடுவர் தன் அறையில் தனியாக அதை முழுக்கப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்ததை எல்லோரும் கண்டார்கள்.

"இது விபத்து செஞ்சவரோட நினைவு இல்லை," என்றார் அவர். "ஆம்புலன்ஸ் ஓட்டுனவரோடது. யாரோ இடிச்சுட்டுப் போன பிள்ளையை வழியில பாத்து நிறுத்தி, தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்காரு. நாம பாத்தது முதல் பாதி. ரெண்டாவது பாதியில அந்தப் பிள்ளை பிழைச்சுக்கிடுது. ரோடும் வேற, பிள்ளையும் வேற. ஒரு உயிரைக் காப்பாத்தின ஞாபகத்தை வச்சு ஒரு மனுஷனைக் கொலைகாரன்னு சொல்ல இருந்தோம்."

மாசானமுத்து விடுவிக்கப்பட்டார். வெள்ளத்தாயின் மகள் வழக்கைத் திரும்ப எடுத்து விசாரிக்க வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. முப்பிடாதி அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். துரைசிங் பேச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். பேச்சி வெற்றி என்றால் இதுதான் என்று நினைத்தாள். பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்கவும் அவள் முயலவில்லை. ஆனால் மாசானமுத்து வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது கம்பியைப் பிடித்த கையைப் பார்த்தாள். நடுக்கம் அப்படியே இருந்தது.

"நான் செய்யலன்னு இப்ப தெரியுது தாயி," என்றார் அவர். "தெரிஞ்சு என்ன? கைக்குத் தெரிய மாட்டேங்கே."

புது நிரல் எல்லா ஊர் இயந்திரங்களிலும் ஏறியது. இடம் மாறிப்போன நினைவுகளைக் கண்டுபிடித்து, உரியவர் அல்லாதவரிடமிருந்து அழிக்கும் வேலையும் பேச்சியிடமே வந்தது. அப்படித் தேடியபோது, ஆம்புலன்ஸ் ஓட்டிய இருதயராஜின் பெட்டியில் மாசானமுத்துவின் நினைவு ஒன்று கிடப்பது தெரிந்தது. அழிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே என்று அவர் இருந்த முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டாள். அங்கிருந்த சிஸ்டர் பெருமூச்சு விட்டார்.

"அவருக்குக் கல்யாணமே ஆகலம்மா. ஆனா கொஞ்ச நாளா, எம் பிள்ள எங்கன்னு கேக்காரு. மடில உக்காந்து பஸ் ஹாரனை அடிச்சுக்கிட்டே இருப்பாளாம். அவ நினைப்புலதான் ஒழுங்காச் சாப்பிடுதாரு. அதையா எடுக்கப் போறீங்க?"

பேச்சி அன்று எதையும் அழிக்கவில்லை. மாசானமுத்து வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னாள். மடியில் உட்கார்ந்து ஹாரன் அடித்தது முப்பிடாதிதான். டிப்போவில் வண்டி நிற்கும்போது அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாராம். முப்பிடாதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவருகிட்ட இருந்தா என்கிட்ட இல்லாம போயிருமா தாயி?" என்று கேட்டார் மாசானமுத்து.

"போகாது. எழுதுறதுதான் ஒரு நேரத்துல ஒரு ஆளு எழுதணும். படிக்கது எத்தன பேரு வேணும்னாலும் ஒண்ணாப் படிக்கலாம். சொந்தக்காரரு சம்மதிச்சா போதும்."

"அப்போ இருக்கட்டும் அவருகிட்ட. நான் சம்மதிக்கேன். ஒண்ணு மட்டும் கேக்கணும் அவருகிட்ட."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் முதியோர் இல்லத்துக்குப் போனார்கள். இருதயராஜ் மெலிந்து, உயரமாக, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முப்பிடாதியைப் பார்த்தார்.

"அப்போ இவ எம் பிள்ள இல்ல."

"இல்ல," என்றார் மாசானமுத்து. "ஆனா அந்த ஹாரன் சத்தம் உமக்கும் உண்டு. நான் கொடுத்துட்டேன். பதிலுக்கு உம்மகிட்ட ஒண்ணு வேணும் வே. அந்தப் பிள்ளயத் தூக்குனீரே, அதுல எனக்குப் பாதிதான் வந்துச்சு. மீதிய எனக்குத் தாரும்."

இருதயராஜ் தலையாட்டினார். இருவரும் சம்மதத்துக்கு விரல் வைத்தார்கள். பேச்சி மடியில் கணினியை வைத்துக்கொண்டு, பிழையாக நடந்த அதே காரியத்தை இந்தத் தடவை முறையாகச் செய்தாள்.

மாசானமுத்து கண்ணை மூடினார். உதடு துடித்தது. ரத்தக் கையோடு வண்டிக்கு ஓடுகிறார் போலும், மூச்சு வாங்கியது. முப்பிடாதி பயந்துபோய் அவர் தோளைப் பிடித்தாள். சற்று நேரத்தில் மூச்சு ஆறியது. பிறகு அவர் மெதுவாகச் சிரித்தார், கண்ணில் நீர் வழிய.

"ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு என்ன கேக்கா தெரியுமா?" என்றார். "என் இன்னொரு செருப்பு எங்கன்னு கேக்கா."

"அதத்தான் கேட்டா," என்றார் இருதயராஜ். "திரும்பப் போய்த் தேடி எடுத்துட்டு வந்து கொடுத்தேன்."

முப்பிடாதி அப்பாவின் கைகளைத் தன் உள்ளங்கையில் ஏந்தினாள். நடுக்கம் இல்லை. பேச்சியிடம் அதைக் காட்டினாள். பேச்சிக்கு மன்றத்தில் வராத அழுகை அங்கே வந்தது, அழுதாள்.

சிஸ்டர் டீ கொண்டுவந்தார். கொதிக்கக் கொதிக்க இருந்ததால் அருகிலிருந்த கல்லில் வைத்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே மாசானமுத்துவின் தலை சாய்ந்து பச்சை விளக்கு அணைந்தது. பேச்சி இருதயராஜைப் பார்த்துச் சிரிக்கத் திரும்பினாள். அவர் காதுக்குப் பின்னாலிருந்த விளக்கும் அணைந்திருந்தது. அவரும் ராத்திரி பகலாக ஆம்புலன்ஸ் ஓட்டிய டிரைவர்தானே. இத்தனை ஆயிரம் பேரில் இந்த இருவர் நினைவும் ஏன் இப்படி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

இரண்டு விளக்கும் அணைந்தன, எரிந்தன, அணைந்தன. ஒன்று எரியும்போது மற்றது அணைந்தது. இயந்திரத்துக்கு இதைவிடப் பெரிய சோதனை வேண்டியதில்லை. பேச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் எரிந்தன.

"அண்ணாச்சி," என்றாள். "இப்ப என்ன ஞாபகம் வருது?"

மாசானமுத்து கண்ணைக் கசக்கினார். "டீ வச்சிருந்தாவளே, ஆறியிருக்கும்," என்றார்.

இருதயராஜ் முப்பிடாதியைப் பார்த்துச் சிரித்தார். "உம்ம பிள்ள ஹாரனை விடவே மாட்டேங்கா வே," என்றார் மாசானமுத்துவிடம்.